சிகரமும் சம்மதமும்

விண்மீன்கள் மினுக்குவது கவிஞர்களுக்கு இன்பம்; வானியலாளர்களுக்கு இடையூறு. வெப்பமும் குளிர்ச்சியுமாய்ப் புரளும் காற்றடுக்குகள், நெடுந்தொலைவு நேராக வந்த ஒளியைக் கடைசிச் சில கிலோமீட்டரில் அலைக்கழிக்கின்றன. தொலைநோக்கி எவ்வளவு பெரிதாயினும் இக்கொந்தளிப்பு உருவத்தைக் கலங்கலாக்கிவிடும்.

30 மீட்டர் தொலைநோக்கித் திட்டம் ஹவாயின் மௌனா கியா மலையை நாடியது இதனால்தான். ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுள்ள அம்மலையில், பசிபிக் பெருங்கடலைத் தடையின்றிக் கடந்து வரும் காற்று பெரிதும் சீராகப் பாய்கிறது; மேகங்கள் பெரும்பாலும் சிகரத்துக்குக் கீழேயே தங்கிவிடுகின்றன. ஆனால், ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு அது புனித மலை. 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் கட்டுமான அனுமதியை உறுதிசெய்தது. எனினும், 2019 ஜூலையில் முதியவர்களே சாலையில் அமர்ந்து கைதாகினர். பணி நின்றது. 2025இல் ஸ்பெயின், தன் லா பால்மா தீவில் தொலைநோக்கியை அமைத்தால் 40 கோடி யூரோ வரை அளிக்க முன்வந்தது.

அத்தீவில் தேர்ந்துள்ள இடத்தின் உயரம் சுமார் 2,250 மீட்டர்தான். தொலைநோக்கிக்கு மேலே நீராவி மிகுதியாக இருக்குமாதலால், நடு அகச்சிவப்பு ஆய்வுகள் பாதிக்கப்படும். இந்த இழப்பை மறைக்கலாகாது. ஆனால், காற்றின் கொந்தளிப்பு அத்தகைய தடையன்று. சுமார் 90 கி.மீ. உயரத்திலுள்ள சோடியம் அடுக்கில் லேசரால் செயற்கை விண்மீனை உருவாக்கி, அதன் நடுக்கத்தை அளந்து, ஆடியின் வடிவத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திருத்த இன்று இயலும். ஆடியைத் திருத்தும் இந்த யோசனையை ஹோரஸ் பாப்காக் 1953இலேயே முன்வைத்தார்.

காற்றின் அலைவைக் கருவி திருத்தும். மக்களின் மனக்கசப்பைத் திருத்தும் கருவி எதுவுமில்லை. எனவே, லா பால்மாவே அறிவார்ந்த தேர்வு என்பது என் கருத்து.

இதில் இந்தியாவுக்கும் பொறுப்புண்டு. நாம் இத்திட்டத்தின் பங்காளி. முதன்மை ஆடியின் 492 துண்டுகளில் ஒரு பகுதியை மெருகிடும் கூடம் பெங்களூரு அருகே ஹொசகோட்டையில் உள்ளது. மேலும், 4,500 மீட்டர் உயரத்தில் நம் வானாய்வகம் இயங்கும் லடாக்கின் ஹான்லேயில் இருள்வானக் காப்பகம் அமைந்தபோது, கிராமத்தினர் வான்காட்சி வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். சிகரத்தை அளக்கும் முன்பே அங்கு வாழ்வோரிடம் பேசும் முறையை, பங்காளிகளின் கூட்டத்தில் இந்தியா வலியுறுத்த வேண்டும்.