மாளவிகாவுக்காக அழுதோம், சரி...

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சமையல், பாத்திரம், துணி எல்லாம் முடிந்து, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் அண்ணியும் காலை நீட்டி உட்கார்ந்தோம். என் மகள் ஒரு மலையாளப் படத்தை டி.வி.யில் போட்டுக் கொடுத்து, "அம்மா, கைக்குட்டை எடுத்து வச்சுக்கோ" என்று சிரித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

படத்தின் பெயர் 'திரக்கதா'. நம் தமிழில் திரைக்கதை. ரஞ்சித் இயக்கி 2008-ல் வந்த படம். அந்த ஆண்டின் சிறந்த மலையாளப் படம் என்று தேசிய விருதும் வாங்கியது.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் "அம்மா, தேன்!" என்று குரல் கேட்டது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மாதம் ஒரு முறை எங்கள் தெருவுக்கு வருகிற அக்காதான். தேன், சாமை, கடுக்காய், சில சமயம் மரவள்ளிக்கிழங்கும் கூடையில் இருக்கும். "உள்ளே வாங்க அக்கா, கொஞ்சம் உட்கார்ந்து போங்க" என்று மோர் கொடுத்தேன்.

"என்னா படம்மா?"

"மலையாளப் படம்."

"அட! எங்க சனங்க படமா?" என்று சிரித்தார்.

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்றுதான் பெயர். மலையை ஆள்பவர்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லுவார்கள். ஆகவே மலையாளம் தெரியாத மலையாளி அக்காவும், அரைகுறையாகப் புரிந்த நாங்கள் இருவரும் சேர்ந்து படம் பார்த்தோம்.

கதை இதுதான். இளம் இயக்குநர் ஒருவர் தன் அடுத்த படத்துக்குக் கதை தேடுகிறார். ஒரு காலத்தில் ஊரே கொண்டாடிய நடிகை மாளவிகா இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவளும், இன்று பெரிய நட்சத்திரமாக இருக்கும் நடிகரும் காதலித்தார்கள், மணந்தார்கள், பிரிந்தார்கள். அவனுக்குப் புகழ் வளர்ந்துகொண்டே போனது. அவள் மறைந்தே போனாள். தேடிப் போன இளைஞர் அவளைக் கண்டுபிடிக்கும்போது அவள் புற்றுநோயாளி. மாளவிகாவாக நடித்த பிரியாமணி, நோயில் உருக்குலைந்த முகத்தோடு வரும் காட்சிகளில் அண்ணி விக்கி விக்கி அழுதாள். நான் மட்டும் என்ன? கைக்குட்டை போதாமல் முந்தானையை எடுத்துக்கொண்டேன்.

இந்தப் படம் நடிகை ஸ்ரீவித்யாவின் வாழ்க்கையைத் தழுவியது என்று அப்போதே எல்லோரும் பேசினார்கள். யார் யாரைக் காதலித்தார், யார் கைவிட்டார் என்று தோண்டுவது நம் வேலையல்ல, சகோதரிகளே. படம் கற்பனை, ஸ்ரீவித்யா நிஜம். அந்த நிஜத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

சங்கீத மேதை எம்.எல்.வசந்தகுமாரியின் மகளாக 1953-ல் சென்னையில் பிறந்தவர் ஸ்ரீவித்யா. அந்தப் பெரிய கண்களை யார்தான் மறக்க முடியும்? 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் பாடகி பைரவியாக வந்தார். அதில் கமல்ஹாசன் அவரைக் காதலிக்கும் இளைஞர். ரஜினிகாந்துக்கோ அதுதான் முதல் படம். அதே ஸ்ரீவித்யா 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமலுக்கே தாயாக நடித்தார். 1991-ல் 'தளபதி'யில் ரஜினிக்குத் தாய். கமலைவிட அவர் ஒரு வயதுதான் மூத்தவர்! சினிமாவில் ஆணுக்கு நின்று நிதானமாக வரும் வயது, பெண்ணுக்கு மட்டும் ஓடி வந்துவிடுகிறது. வீட்டில் மட்டும் வேறா என்ன என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது.

கேரள அரசின் சிறந்த நடிகை விருதை மூன்று முறை வாங்கியவர். திருமணம் நிலைக்கவில்லை. சொத்துக்காக நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பிறகு திருவனந்தபுரத்தில் தனியே வாழ்ந்தார். 2003-ல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிய வந்தபோது அது முதுகெலும்பு வரை பரவியிருந்தது. மூன்று ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு 2006 அக்டோபர் 19-ஆம் தேதி, 53 வயதில் மறைந்தார். கடைசி நாட்களில் வெகு சிலரைத் தவிர யாரும் தன்னைப் பார்க்க அவர் விரும்பவில்லை என்று எழுதினார்கள். அழகாகவே பார்த்துப் பழகிய ஜனங்கள் இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஒரு பெண்ணாக எனக்கு அது புரிகிறது.

படம் முடிந்தது. மலை அக்கா கூடையை எடுக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்னா சீக்கும்மா?"

"புற்றுநோய் அக்கா. நிஜத்தில் அந்த நடிகைக்கு மார்பில் வந்ததாம்."

"வலிக்குமா?"

"ஆரம்பத்தில் வலிக்காதுன்னுதான் சொல்றாங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எனக்கும் இந்தப் பக்கம் கொட்டப்பாக்கு மாதிரி ஒண்ணு இருக்குதும்மா. நாலு மாசமாச்சு. வலியே இல்ல. அதான் சும்மா உட்டுட்டேன்" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அண்ணி சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவரை மலை ஏற விடவில்லை. எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்து, மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

பெண் டாக்டர் தனியறையில் கையால் தொட்டுப் பார்த்தார். மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசி மூலம் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "பத்து கட்டி வந்தால் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிதான். ஆனால் எது சாதாரணம் என்று நாங்கள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நீங்களே முடிவு பண்ணக் கூடாது" என்றார் டாக்டர். தங்கமான வார்த்தை!

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் மார்பைத் தாண்டிப் பரவவில்லை. ஆபரேஷன் செய்து, அதன்பின் மருந்து கொடுத்தால் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்றார்கள்.

அக்கா அழவில்லை. "எங்க ஊட்டுக்காரர்கிட்ட எப்படிம்மா சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து மலை ஏறும் பஸ்ஸில் நானும் அண்ணியும் அவரோடு போனோம். அவர் கணவர் சாமைக் கொல்லையிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கோபிப்பாரோ, "மார்பை எடுக்கணுமா?" என்று முகம் சுளிப்பாரோ என்று எனக்குப் பயம். அவர் ரொம்ப நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"ஆடு ஒண்ணு சரியா மேயலைன்னாக்கூட எங்கிட்ட வந்து சொல்லுவா. தனக்கு ஒண்ணுன்னா நாலு மாசம் சொல்லலியேம்மா. நான் என்னா அவ்ளோ தூரமாவா இருந்தேன்?"

படத்தில் வந்த காதலைவிட அந்த ஒரு வரி என்னை அதிகமாக அழ வைத்தது.

சகோதரிகளே, புகழின் உச்சியில் இருந்த மாளவிகா ஒளிந்துகொண்டாள். பேர் தெரியாத மலை அக்காவும் ஒளித்துக்கொண்டார். நீங்களும் நானும் இன்று காலை குளிக்கும்போது கையில் ஏதாவது தட்டுப்பட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? "பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும்" என்று தள்ளிப் போட்டிருக்க மாட்டோமா? வெட்கம், பயம், செலவு என்று நமக்குக் காரணத்துக்கா பஞ்சம்? கட்டி மட்டும் எந்தக் காரணத்தையும் கேட்டுக்கொண்டு காத்திருப்பதில்லை.

ஆகவே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு ஆரம்பித்து ஏழிலிருந்து பத்து நாளுக்குள், குளிக்கும்போது மூன்று விரல்களின் உட்புறத்தால் மார்பகம் முழுவதையும், அக்குளையும் வட்டமாக அழுத்திப் பாருங்கள். கண்ணாடி முன்னால் கையைத் தூக்கியும் ஒருமுறை பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். உங்கள் உடம்பின் வழக்கம் உங்களுக்குப் பழகிவிட்டால், மாற்றம் வந்தால் உடனே தெரியும்.

கவனிக்க வேண்டியவை: வலியில்லாத கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, புதிதாக உள்ளிழுத்துக்கொண்ட காம்பு, காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, ஆறாத புண். 'வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு.

பால் கொடுக்கும் இளம் தாய்மார்களே, பால் கட்டிக்கொண்டு கட்டி வருவது சகஜம். குழந்தை குடித்ததும் குறைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தாலோ, காய்ச்சலும் சிவப்பும் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தாய்ப்பால் கொடுப்பதால் இந்த நோய் வருவதில்லை. உண்மையில் அது வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கவே செய்கிறது.

முப்பது வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசம். கையால் நாமே பார்ப்பது மட்டும் போதாது, பழகிய கை ஒன்றும் பார்க்க வேண்டும். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. மலை அக்காவுக்கு அந்த அட்டைதான் கை கொடுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றி உங்களுக்கே தெரியும். புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

இன்னொன்று. இது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல, சாபமுமல்ல. நோயாளியின் தட்டை, டம்ளரைத் தனியே வைப்பவர்களைப் பார்த்தால் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள்.

போன வாரம் வாசலில் "அம்மா, தேன்!" என்று குரல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா நின்றார். மருந்தில் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் பூனை மயிராக முளைக்கிறதாம். கூடையைக் கணவர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "தனியா அனுப்ப மாட்டேங்கிறாரும்மா" என்று குறை சொல்வதுபோல் சொன்னார். முகத்தில் என்னவோ குறை இல்லை!

துண்டை எடுத்துத் தலையைக் காட்டி, "அந்தப் படத்துப் பொண்ணு மாதிரி ஆயிட்டேனாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. அவள் ஒளிந்துகொண்டாள். நீங்கள் சொல்லிவிட்டீர்கள்" என்றேன்.

மாளவிகாவுக்காக அழுதோம், சரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக் காலை குளிக்கப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடமோ, அம்மாவிடமோ, அக்கா தங்கையிடமோ வாய் திறந்து சொல்லுங்கள். மறுநாள் டாக்டரிடம் போங்கள். என்ன, செய்வீர்கள்தானே?

அடுத்த இதழில் சந்திப்போம்.