நடக்க ஏலுமெண்டால் காசு கட்டு



இங்கிலாந்தில் ஓய்வூதிய வயதுக்கு முன் இலவச பஸ் பாஸ் வேணுமெண்டால், 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் சொல்லும் ஏழு வகைகளில் ஒன்றுக்குள் நீங்கள் அடங்க வேண்டும். கண் தெரியாமை, காது கேளாமை, பேச இயலாமை, நடப்பதில் நீண்டகாலக் கடும் சிரமம், இரண்டு கைகளையும் இழந்திருத்தல், கற்றல் குறைபாடு. ஏழாவதுதான் விசித்திரம்: உடல்நிலையைக் காட்டி சாரதி அனுமதிப்பத்திரம் மறுக்கப்படக்கூடியவர்.

ஆக, இருதயம் பலவீனமான ஒருவர், அல்லது லூபஸ் வருத்தக்காரர், சட்டப்படி கார் ஓட்டலாம் எண்டால் பாஸ் இல்லை. கார் வாங்க அவரிட்டக் காசு இருக்கோ எண்டு சட்டம் கேட்பதில்லை.

இது எங்கட வீட்டு விஷயமும்தான். இந்த நாட்டில் தெற்காசியருக்கு நீரிழிவு மற்றவர்களை விட அதிகமாகவும் இளவயதிலும் வருகிறது. பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் இரவிரவாக நின்ற மாமாமார், மாமிமார் 50 வயதிலேயே வருத்தக்காரர். லண்டனில் 60இல் எல்லோருக்கும் இலவசம் வந்துவிடும். அதற்கு முந்திய பத்து வருடத்தை யார் பார்ப்பது? கண் பரிசோதனை ஓரிடம், கால் கிளினிக் இன்னோரிடம், இரத்தம் எடுக்க வேறோரிடம். வேலை நேரம் குறைந்தவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு கணக்கு. காசு முடை வந்தால் முதலில் தவறுவது கிளினிக்தான்.

"வைத்தியசாலைப் பயணச் செலவைத் திருப்பித் தருகிறார்கள்தானே?" என்பார்கள். தருகிறார்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும். முதலில் கையிலிருந்து கட்டி, ரிக்கற்றைப் பத்திரப்படுத்தி, மூன்று மாதத்துக்குள் படிவம் நிரப்ப வேண்டும். குடும்ப வைத்தியரிடம் வழக்கமாகப் போய்வரும் செலவு அதில் இல்லை. அதோட, வருத்தக்காரர் வைத்தியசாலைக்கு மட்டும்தான் போக வேணுமா? கோயிலுக்கு, நூலகத்துக்கு, எங்கட ஊர்வலத்துக்கு வரக்கூடாதா?

பணம் இல்லை என்ற கதையை ஸ்கொட்லாந்தைக் காட்டி மறுக்கலாம். அங்கே 2022 ஜனவரி 31 முதல் 22 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு பஸ் இலவசம். அது ஓர் அரசியல் முடிவு, அவ்வளவுதான்.

கோரிக்கையை எப்படி வைப்பது என்பதில் கவனம் தேவை. ஏழோடு இன்னும் பத்து நோய்ப் பெயர்களைச் சேர்க்கச் சொல்வது பொறி. இங்கிலாந்தின் இலவச மருந்துச்சீட்டுப் பட்டியல் 1968இல் எழுதப்பட்டது. 2009இல் புற்றுநோய் சேர்ந்தது. ஆஸ்துமா இன்றும் வெளியே நிற்கிறது. பட்டியல் எழுதினால் யாரோ எப்போதும் வாசலில்தான் நிற்பார்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் வரைவிலக்கணம் ஏற்கனவே இருக்கு: 12 மாதம் அல்லது அதற்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் நிலை. அதையே பாஸுக்கும் எடுங்கள். வைத்தியரின் ஒரு கடிதம் போதும். மாறாத வருத்தத்துக்குத் திரும்பத் திரும்பப் பரிசோதனை வேண்டாம்.

சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் வேணும், அது இழுபடும். ஆனால் சட்டம் சொல்வதற்கு மேலாகவும் சலுகை கொடுக்க கவுன்சில்களுக்கு இன்றைக்கே அதிகாரம் உண்டு. லண்டன் கவுன்சில்கள் விரும்பினால் தங்கள் விருப்புரிமையில் பாஸ் கொடுக்கலாம். எல்லாக் கவுன்சிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. உங்கட கவுன்சிலிடம் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்: விதி என்ன, போன வருடம் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனையை என்ன காரணத்துக்காக மறுத்தீர்கள்? 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள், மறுப்புக் கடிதம் வைத்திருக்கும் ஒரு மாமியையும் அடுத்த கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். அவவின்ர பஸ் காசை நாங்கள் பார்க்கிறம்.