கூரையின் கீழ் ஒரு பந்தாட்டம்



மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒருவன் டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இம்மாதம் இப்பக்கத்திற்கு வேறொரு பொருளையே எண்ணி வைத்திருந்தேன். என் தங்கையின் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி அதை மாற்றிவிட்டது.

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையிலேயே தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, ஒரு நடை வந்து போங்க. பிளஸ் டூ படிப்பை நிறுத்திட்டு டென்னிஸ் ஆடப் போறேன்னு பிள்ளை ஒற்றைக்காலில் நிக்கிறான். நீங்க சொன்னாத்தான் கேட்பான்" என்றாள். அவள் குரல் தழுதழுத்தது.

தங்கையின் கணவர் பாரிஸ் நகரில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் பணிபுரிகிறார். புதுச்சேரி வாசகர்களுக்கு இதில் வியப்பேதும் இராது. 1962 ஆகஸ்ட் 16இல் இவ்வூர் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோருக்கு அவ்வாய்ப்பு அளிக்கப்பட்டது. மச்சானின் தந்தையார் அதைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர். அன்று அவர் இட்ட ஒரு கையெழுத்து, இன்று பேரன் வரைக்கும் நீண்டிருக்கிறது. மச்சான் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், போய்விடுவார். சென்ற முறை வந்தபோது மகனுக்கு ஒரு நல்ல டென்னிஸ் மட்டை வாங்கி வந்தார்.

இஷா தொழுகையை முடித்துக்கொண்டு மழையில் நனைந்தபடியே போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் மனத்திற்குள் ஒரு பிரசங்கத்தைத் தயாரித்து வைத்திருந்தேன். மருமகனோ தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தான். "உட்காருங்க மாமா. பாரிஸ் மாஸ்டர்ஸ் இறுதியாட்டம் நடக்குது" என்றான். நமக்கு இரவு, அங்கே பிற்பகல். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அமர்ந்தேன்.

நம் ஊரில் மழை பெய்தால் ஆடுகளம் குளமாகிவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் இந்தப் போட்டிக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முழுவதும் கூரையின் கீழ் நடப்பது. 1986ஆம் ஆண்டு முதல் 2024 வரை பாரிஸின் பெர்சி பகுதியிலுள்ள பெரும் அரங்கில் நடந்தது. முதலாண்டில் வென்றவர் ஜெர்மனியின் போரிஸ் பெக்கர். 2025இல் நகரின் மேற்கே நாந்தேரிலுள்ள லா தெஃபான்ஸ் அரங்கிற்கு இடம் மாறிற்று. அங்கே ஒரே கூரையின் கீழ் நான்கு ஆடுகளங்கள் அமைத்திருந்தார்கள்.

"கூரை இருந்தால் என்ன வேறுபாடு?" என்று கேட்டேன். பையன் உற்சாகமாகிவிட்டான். "காற்று பந்தைத் தள்ளாது மாமா. சர்வீஸுக்குப் பந்தை மேலே போடும்போது சூரியன் கண்ணில் அடிக்காது. வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். அதனால் தோற்றவன் காற்றையோ வெயிலையோ குறை சொல்ல முடியாது" என்றான். அந்தக் கடைசி வாக்கியம் என் மனத்தில் தங்கிவிட்டது.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். எனக்குத் தெரிந்த ஒன்றை நானும் சொன்னேன். டென்னிஸ் புல்தரையில் பிறந்ததென்று பலர் எண்ணுகின்றனர். புல்தரை டென்னிஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவானது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பிரெஞ்சு நாட்டில் சுவர்களுக்கிடையே, கூரையிட்ட கூடங்களில், முதலில் வெறுங்கையாலும் பின்னர் மட்டையாலும் ஆடிய ஆட்டமே இதன் தாய். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 ஜூன் 20இல், மக்கள் பிரதிநிதிகள் அரசியல் சட்டம் உருவாகும்வரை கலைந்து செல்லமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தது வெர்சாயில் அத்தகையதொரு பந்தாட்டக் கூடத்தில்தான். மன்றம் பூட்டப்பட்டிருந்ததால் அங்கே கூடினார்கள். நம் ஊரில் இன்றும் ஜூலை 14 கொண்டாடப்படுகிறதல்லவா, அந்த வரலாற்றில் இந்த ஆட்டத்தின் கூரைக்கும் ஓர் இடமுண்டு.

பையன் வியப்புடன் கேட்டான். அதன்பின் எங்களுக்கிடையே இருந்த இறுக்கம் தளர்ந்தது.

அவன் பல செய்திகள் சொன்னான். மாஸ்கோவில் தாத்தார் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த மராத் சாஃபின், 2000, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இப்பட்டத்தை வென்றவர். 1991இல் வென்ற பிரெஞ்சு வீரர் கீ ஃபொர்ஜே பிறந்தது மொராக்கோவின் காசாபிளாங்காவில். நோவாக் ஜோகோவிச் ஏழு முறை வென்றிருக்கிறார். 2011இல் இரட்டையர் பட்டத்தை இந்தியாவின் ரோஹன் போபண்ணாவும் பாகிஸ்தானின் ஐசாமுல் ஹக் குரைஷியும் இணைந்து வென்றார்கள். போபண்ணா தம் கடைசிப் போட்டியாக இந்த 2025 பாரிஸ் போட்டியில் ஆடிவிட்டு, இறுதியாட்டத்திற்கு முந்தைய நாள்தான் ஓய்வை அறிவித்திருந்தார். அப்போது அவருக்கு வயது 45.

இப்போது என் முறை வந்தது. "சரி தம்பி, வென்றவர்களைச் சொன்னாய். தோற்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?" என்றேன்.

அவன் சற்று மௌனமானான். பின்பு நேர்மையாகவே சொன்னான். இவ்வாட்டத்தில் மாதச் சம்பளம் கிடையாது. பயணச் செலவு, தங்கும் செலவு, பயிற்சியாளர் ஊதியம் யாவும் ஆடுபவர் தலைமேல். 2023இல் ஒற்றையர் ஆட்டத்தில் இந்தியாவின் முதல்நிலை வீரராக இருந்த சுமித் நாகல், தம் வங்கிக் கணக்கில் 900 யூரோவே எஞ்சியிருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். நாட்டிலேயே முதல்வரின் நிலை அது! அடுத்த சில மாதங்களில், 2024 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பன் முதற்சுற்றில் தரவரிசை பெற்ற வீரர் ஒருவரை அவர் வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஓர் இந்தியர் அவ்வாறு வென்றது, 1989இல் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணனுக்குப் பிறகு அதுவே முதல் முறை. உலகத் தரவரிசையில் முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச வருவாய் உறுதி என்ற திட்டமும் 2024இல்தான் தொடங்கியது. அந்த 250க்கு வெளியே நிற்பவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

நம் பக்கத்திலேயே வாய்ப்புகள் குறைந்திருக்கின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த ஆடவர் போட்டி, 2018இல் புனேக்குப் போயிற்று. 2023க்குப் பின் அங்கும் இல்லை. கோட்டில் பந்து விழுந்ததா என்று பார்க்கும் நடுவர்களின் வேலையைக்கூட 2025 முதல் ஏடிபி போட்டிகளில் மின்னணுக் கருவிகள் எடுத்துக்கொண்டன.

இவ்வளவும் தெரிந்த பிள்ளை ஏன் படிப்பை நிறுத்தத் துடிக்கிறான் என்பது எனக்கு விளங்கவில்லை.

திரையில் இத்தாலியின் யானிக் சின்னர், கனடாவின் ஃபெலிக்ஸ் ஓஜே அலியசீமுடன் ஆடிக்கொண்டிருந்தார். பையன் அலியசீமைச் சுட்டிக் காட்டினான். "இவரோட அத்தா டோகோ நாட்டிலேருந்து கனடாவுக்குப் போனவர், மாமா. அவரே டென்னிஸ் கற்றுக் கொடுப்பவர். சின்ன வயசிலேருந்து மகன் கூடவே இருந்தார்" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "பாரிஸுக்குப் போய் ஆடினா அத்தா வந்து பார்ப்பாங்கல்ல?"

உள்ளே அடுப்படியில் பாத்திரம் வைக்கும் ஓசை நின்றது. தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் தயாரித்து வந்த பிரசங்கத்தில் இதற்கு விடை இல்லை. பிள்ளை கேட்டது டென்னிஸ் மட்டுமன்று. மாதந்தோறும் பணம் வருகிறது, மட்டை வருகிறது, ஆனால் ஆடுவதைப் பார்க்க ஆள் வருவதில்லை.

சின்னர் 6-4, 7-6 என்று வென்றார். உடனே மச்சானை அழைத்தோம். மதிய உணவு வேலை முடிந்து, இரவு வேலை தொடங்குமுன் கிடைக்கும் இடைவேளை அது. மகன் சொன்னதை நான் அப்படியே சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "பெர்சி நிலையத்தைத் தாண்டித்தான் பல வருஷம் வேலைக்குப் போனேன் மச்சான். ஒருநாளும் இறங்கி அந்த அரங்கைப் பார்த்ததில்லை. இவனுக்கு அது இவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியாது."

அன்றிரவு மூன்று முடிவுகள் எடுத்தோம். பிளஸ் டூ தேர்வை எழுதியே ஆகவேண்டும். அதுவரை காலையில் இரண்டு மணி நேரம் ஆட்டம் உண்டு, அதை யாரும் தடுக்கக்கூடாது. தேர்வு முடிந்ததும் விடுமுறையில் தந்தையிடம் போய் இரண்டு மாதம் தங்குவது. அங்கே ஆடுவோரின் தரத்தைத் தானே பார்த்து, தன் நிலையைத் தானே எடைபோடுவது. அதன்பின் கல்லூரியா, ஆட்டமா, இரண்டுமா என்று நால்வரும் கூடிப் பேசுவது. பையன் முழு மனத்துடன் ஒப்புக்கொண்டான் என்று சொல்லமாட்டேன். "சரி மாமா" என்றான். தந்தையிடம் தனியே பேசவேண்டுமென்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனவன், நான் விடைபெறும்வரை இறங்கி வரவில்லை.

வாசகப் பெருமக்களே! நம் இல்லங்களில் எத்தனையோ பேர் பாரிஸிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் நம் அடுப்பு எரிகிறது. அந்தத் தியாகத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் பிள்ளை ஏதோவொன்றில் பிடிவாதம் பிடிக்கும்போது, "கூடாது" என்று சொல்லுமுன், அவன் உண்மையில் எதைக் கேட்கிறான் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். கூரையின் கீழ் ஆடுபவன் காற்றைக் குறை சொல்ல முடியாதென்று அவன் சொன்னான். நம் வீட்டுக் கூரையின் கீழ் நடப்பதற்கும் நாம் வெளியே யாரையும் குறை சொல்வதற்கில்லை.

தேர்வு முடிந்து அவன் பாரிஸ் சென்று வந்தபின், இன்ஷா அல்லாஹ், மீதியை எழுதுகிறேன். அவனுக்காகவும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்காகவும் துஆ செய்யுங்கள்.