இயற்கை என்ற சொல் போதுமா?

‘இரசாயன மருந்து நஞ்சு, நுண்ணுயிர் மருந்து அமுது.’ இப்படி ஓர் எண்ணம் நம் மாணவ நண்பர்களிடையே வேரூன்றி வருகிறது. மற்றொரு சாராரோ, “கிருமியைத் தெளித்து விளைத்த கோசையா உண்பது?” என்று முகஞ்சுளிக்கின்றனர். தில்லியிலே, விடுதிச் சாப்பாட்டில் நாள் தவறாமல் கோசும் காலிபிளவரும் உண்டு காலந்தள்ளும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்கு வாதமன்று. இரு சாராருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பது என் கருத்து.

கோசை அழிக்கும் புழுக்களுள் கொடியது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இரசாயன மருந்துகள் பலவற்றுக்கு அது பழகிவிட்டது. அதை எதிர்க்க உழவர் நாடும் மருந்துகளுள் ஒன்று, ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்னும் பாக்டீரியா. பெயர் நீளம்; பி.டி. என்று சுருக்கிக் கொள்வோம். 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பார் பட்டுப்புழுக்களை மாய்த்த நோயிலே இதைக் கண்டார். 1911-இல் ஜெர்மனியில் பெர்லினர் என்பார் மாவுப் பூச்சியின் புழுவில் மீண்டும் கண்டார். துரிங்கியா என்னும் வட்டாரத்தின் பெயரே இதற்கு நிலைத்தது. 1938-இல் பிரான்ஸில் இது மருந்தாகவே விற்பனைக்கு வந்துவிட்டது. (பி.டி. பருத்தி, பி.டி. கத்தரி என்பன இப்பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள்ளேயே புகுத்தியவை. அந்த வழக்கு வேறு. ஈண்டுப் பேசுவது இலைமேல் தெளிக்கும் மருந்தைப் பற்றி மட்டுமே.)

இது எப்படிக் கொல்கிறது? பாக்டீரியா தன் உடலுள் ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. இலையோடு சேர்த்து அதை விழுங்கும் புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே படிகம் கரைகிறது. குடற்சாறு அதை வெட்டி நஞ்சாக்குகிறது. நஞ்சு குடற்சுவரில் தனக்கென அமைந்த இடங்களைப் பற்றித் துளையிடுகிறது. புழு தின்பதை நிறுத்திச் சாகிறது. நம் இரைப்பையிலோ அமிலம். நம் குடலில் அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடங்களும் இல்லை. பூட்டும் வேறு, சாவியும் வேறு. ஆதலின் கோசைக் கண்டு முகஞ்சுளிப்போர் அஞ்சவேண்டியதில்லை. பட்டுப்புழு வளர்ப்போர்தாம் அஞ்ச வேண்டும். முசுக்கொட்டைத் தோட்டத்தருகே இதைத் தெளித்தல் ஆகாது.

1999-இல் உலக சுகாதார நிறுவனமும், பி.டி. மருந்துகளால் மனிதருக்குத் தீங்கு நேர்வது அரிது என்றே முடிவு செய்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: வேறு நுண்ணுயிர்களும், படிகப் புரதமல்லாத வேறு நஞ்சுகளும் அதிலே கலவாதிருந்தால்! அந்த ‘ஆல்’ என்னும் ஈற்றிலேதான் எல்லாம் தொங்குகிறது.

பி.டி. என்பது ஒரே உயிரன்று. பல இனவகைகளின் கூட்டம். அவற்றுட் சில ‘துரிஞ்சியென்சின்’ என்னும் மற்றொரு நஞ்சையும் சுரக்கின்றன. அது சூட்டுக்கும் அழியாது, பாலூட்டிகளையும் தாக்கும். அதைச் சுரக்காத இனவகையையே மருந்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னும் நெருக்கமான ஐயம் ஒன்று உண்டு. பி.டி.யின் உடன்பிறப்பு போன்றது ‘பேசில்லஸ் சீரியஸ்’. வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்து உண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அதனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை! வயிற்றுப்போக்கு நஞ்சுக்குரிய மரபணுக்கள் பி.டி.யிலும் காணப்படுகின்றன. உணவு கெட்டு நோய் வந்தால் சோதனைச் சாலைகள் வழக்கமாகச் செய்யும் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. 2016-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இதைச் சுட்டியது. “பி.டி.யால் நோய் வந்ததாகச் செய்தியே இல்லையே” என்பார்க்கு என் விடை இது: தேடாத பொருள் எப்படி அகப்படும்? தேடுவதும் பெரிய பாடன்று. நுண்ணோக்கியில் படிகம் தெரிந்தால் அது பி.டி. ஒரு கண்ணாடித் தகடு மிகுதியாகச் செலவாகும், அவ்வளவே.

இனிப் புட்டிக்கு வருவோம். 1958-இல் கேரளத்தில் உணவுப் பொருளிலே பாரத்தியான் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தின் பின் வந்ததே 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். பதிவு பெறும் நுண்ணுயிர் மருந்தில் சால்மொனெல்லா, ஷிகெல்லா, விப்ரியோ போன்ற நோய்க்கிருமிகள் இருத்தலாகாது என்பது விதி. டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சை மருந்தாயின், ஒரு கிராமில் குறைந்தது 20 இலட்சம் உயிரணுக்கள் இருந்தாக வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் வெயிலில் காய்ந்த கடையலமாரியில் நாட்கணக்கில் கிடந்த புட்டியில் உயிருள்ளவை எத்தனை? அதினும் கொடுமை, ‘உயிரி மருந்து’ என்று சீட்டு ஒட்டி உள்ளே இரசாயனத்தைக் கலந்து விற்பது. இந்நாட்டில் அத்தகைய சரக்குகள் பிடிபட்டே இருக்கின்றன. உழவர் அதை நம்பித் தெளித்த மறுநாளே காயைப் பறிப்பார். ‘உயிரி மருந்துதானே’ என்று கையுறையும் அணியார். இரசாயனம் என்று அறிந்திருந்தால் சில நாட்களாவது காத்திருப்பாரே! இங்கே நஞ்சைவிட அந்தப் பொய்ச் சீட்டே பெருங்கேடு செய்கிறது.

ஆகவே கேட்க வேண்டியது ‘இயற்கையா, செயற்கையா?’ என்பதன்று; ‘எந்த இனவகை? எப்பொழுது செய்தது? யார் சோதித்தார்?’ என்பதே. நுண்ணுயிரியல் பயிலும் தமிழ் மாணவர் நம்மிடையே சிலராவது உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கடையிலே கிடைக்கும் புட்டியொன்றைச் சீட்டுடன் வாங்கி வாருங்கள். உள்ளிருப்பதை வளர்த்து எண்ணிப் பார்ப்போம். படிகம் தெரிகிறதா என்றும் நோக்குவோம். கிடைத்த எண்ணிக்கையை, நல்லதோ தீயதோ, அடுத்த இதழிலேயே வெளியிடலாம்.