ஒரே கோப்பை எத்தனை முறை இறக்குவது?

ஜெனிவாவுக்கு அருகே, சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில், நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வளையமாக ஓடுகிறது செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி துகள் முடுக்கி. அதற்கான கணக்குகளில் ஒரு பகுதியை வீடுகளில் இருக்கும் சாதாரணக் கணினிகள் போட்டுத் தருகின்றன. செர்னின் பொன்விழா ஆண்டான 2004இல் எல்எச்சி அட் ஹோம் என்ற பெயரில் தொடங்கிய தன்னார்வப் பணி இது. விருப்பமுள்ளவர் பாயிங்க் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டு, தன் கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஆய்வுக்குக் கொடுக்கலாம்.

தொடக்கத்தில் அந்தக் கணினிகளில் ஓடியது சிக்ஸ்டிராக் என்ற நிரல். அறுபது துகள்களை எடுத்துக்கொண்டு, அவை வளையத்தை 1,00,000 முறை சுற்றும்போது பாதை பிசகுமா என்று அது கணக்கிடும். உண்மையான முடுக்கியில் ஒரு துகள் நொடிக்கு 11,245 சுற்று போகிறது என்பதால் அங்கே இது பத்து நொடிக்குள் முடிந்துவிடும். வீட்டுக் கணினிக்கோ மணிக்கணக்கில் வேலை. ஆனால் இணையத்துக்கு அதில் வேலையே இல்லை என்று சொல்லலாம். சின்ன உள்ளீடு வரும், சின்ன விடை போகும். மிக மெதுவான இணைப்பு வைத்திருந்தவர்களும் தயங்காமல் பங்கெடுக்க முடிந்தது.

2011இல் நிலைமை மாறியது. துகள் மோதல்களைக் கோட்பாட்டின்படி உருவகப்படுத்தும் பணியை வீட்டுக் கணினிகளுக்குத் தர செர்ன் முடிவுசெய்தது. பின்னர் அட்லஸ், சிஎம்எஸ் ஆய்வுக்குழுக்களின் பணிகளும் வந்தன. இவர்களுடைய மென்பொருள் லினக்ஸுக்காக எழுதப்பட்டது. அளவில் பிரம்மாண்டமானது, அடிக்கடி புதுப்பிக்கப்படுவது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பதோ விண்டோஸ். எனவே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் மூலம் அவர்கள் கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் லினக்ஸ் கணினியை எழுப்பி, அதற்குள் வேலையை ஓட்டும் ஏற்பாடு வந்தது.

பல லட்சம் கோப்புகள் கொண்ட மென்பொருளை முழுக்க அனுப்புவது நடக்காத காரியம். அதற்காக செர்ன் உருவாக்கியதுதான் சிவிஎம்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. மெய்நிகர் கணினிக்குள் பார்த்தால் எல்லாக் கோப்புகளும் அங்கேயே இருப்பதுபோலத் தெரியும். நிரல் ஒரு கோப்பைத் திறக்கும் அந்தக் கணத்தில்தான் அது இணையம் வழியாக இறங்கும். ஒருமுறை இறங்கியதை உள்ளூர்க் கேஷில் வைத்துக்கொள்ளும். எந்த வேலைக்கும் மொத்தத்தில் சிறு பகுதியே தேவைப்படுவதால் இது மிகச் சரியான தீர்வு.

சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். பல பணிகளில் ஒவ்வொரு வேலைக்கும் மெய்நிகர் கணினி புதிதாக எழுப்பப்படுகிறது. வேலை முடிந்ததும் கலைக்கப்படுகிறது. அதற்குள் சேர்ந்த கேஷும் கூடவே அழிகிறது. அடுத்த வேலை அதே நூலகக் கோப்புகளை, அதே அமைப்புக் கோப்புகளை மறுபடி கேட்கிறது. மெய்நிகர் கணினிக்காக செர்ன் அனுப்பும் வட்டுப் படிமத்தில் கேஷைக் கொஞ்சம் நிரப்பித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் மென்பொருள் புதுப்பிக்கப்படும் வேகத்தில் அந்த நிரப்பல் பழசாகிவிடுகிறது. எட்டு கோர்கள் கொண்ட ஒரு கணினியில் ஒரே நேரத்தில் எட்டு வேலைகள் ஓடலாம். எட்டும் தனித்தனி மெய்நிகர் கணினிகள் என்பதால், பக்கத்து வேலை ஐந்து நிமிடம் முன்பு இறக்கிய கோப்பு அடுத்ததற்குத் தெரியாது. இப்படி நான்கு கணினிகள் ஒரு வீட்டில் இருந்தால், ஒரே கோப்பு ஒரே கம்பி வழியாக ஒரே நாளில் எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

டீக்கடைக்கு ஒரு நாளிதழ் வாங்கிப் போட்டால் தெருவே படிக்கிறது. வீட்டு வலையமைப்பில் அந்த ஒற்றை நாளிதழின் இடத்தில் நிற்பதே கேஷ் செய்யும் பிராக்ஸி. கணினிகள் வெளியே நேராகப் போகாமல் இதனிடம் கேட்கும். தன்னிடம் இருந்தால் இது உடனே கொடுக்கும், இல்லாவிட்டால் ஒருமுறை மட்டும் வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு படியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

இதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஸ்குவிட். 1996 முதல் இருக்கும் கட்டற்ற மென்பொருள். இணையம் மிக மெதுவாக இருந்த காலத்தில் வலைப்பக்கங்களைச் சேமிக்கப் பிறந்தது. இன்று வலைத்தளங்கள் ஏறக்குறைய எல்லாமே பூட்டிய எச்டிடிபிஎஸ் வழியாக வருவதால், அந்தப் பழைய பயன் போய்விட்டது. ஆனால் துகள் இயற்பியலில் ஸ்குவிடுக்கு இன்றும் முழு வேலை. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்களை இணைக்கும் உலகளாவிய எல்எச்சி கணிப்பு வலையில், மையத்துக்கு மையம் ஸ்குவிட் வைப்பது வழக்கமான ஏற்பாடு. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் கொல்கத்தாவின் விஇசிசி சைக்ளோட்ரான் மையமும் அந்த வலையில் இருக்கின்றன. வீட்டில் ஸ்குவிட் வைப்பவர் அந்த மையங்களின் ஏற்பாட்டையே சிறிய அளவில் செய்கிறார். தன்னார்வலர் கண்டுபிடித்த குறுக்குவழி என்று இதை யாரும் நினைக்க வேண்டாம். சிவிஎம்எஃப்எஸ் வடிவமைக்கப்பட்டதே நடுவில் இப்படி ஒரு கேஷ் இருக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான்.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும். நடுவில் நிற்கும் ஒருவன் கோப்பைப் படியெடுக்க முடிகிறது என்றால், அது பூட்டில்லாத எச்டிடிபியில் வருகிறது என்றுதானே பொருள்? வழியில் யாராவது மாற்றிவிட்டால்?

மாற்றினால் உடனே பிடிபடும். சிவிஎம்எஃப்எஸ்ஸில் கோப்புக்குப் பெயர், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண்தான். ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். இறங்கிய கோப்பைத் திரும்பக் கணக்கிட்டு, பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கணினி அதை ஏற்கும். எந்த ஹாஷ் எந்தக் கோப்பு என்று சொல்லும் பட்டியலுக்கும் ஹாஷ் உண்டு. அந்தப் பட்டியல்களுக்கெல்லாம் தலையான சிறு கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி கணினியிலேயே முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஸ்குவிடையோ, வழியில் உள்ள வேறு எவரையுமோ நம்ப வேண்டிய தேவை இல்லை. கோப்பில் ரகசியம் ஏதும் இல்லாததால் அதை யார் படித்தாலும் நட்டமில்லை. கெட்டுப்போகாமல் வந்ததா என்பது மட்டுமே கேள்வி, அதற்கு ஹாஷ் பதில் சொல்கிறது.

இதே ஏற்பாடு இன்னொரு தலைவலியையும் தீர்த்துவிடுகிறது. கேஷ் என்றாலே பழைய சரக்கைத் தந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். உள்ளடக்கமே பெயர் என்னும்போது, மாறிய கோப்புக்குப் புதுப்பெயர் வந்துவிடுகிறது. பழைய பெயரில் புதிய சரக்கு இருக்கவே முடியாது. தலைக்கோப்பு மட்டும்தான் ஒரே பெயரில் மாறிக்கொண்டிருப்பது, அதைக் குறுகிய நேரமே வைத்திருக்கும்படி சர்வர் சொல்லி அனுப்புகிறது. கேஷ் செய்வதற்கு இதைவிடத் தோதான கோப்புகள் கிடைப்பது அரிது.

அமைப்பதற்குப் பெரிய கணினி தேவையில்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி ஒன்று போதும், ராஸ்பெரி பை கூடப் போதும். அதில் மெமரி கார்டுக்குப் பதில் யுஎஸ்பி வழி எஸ்எஸ்டி வைத்தால் நீடிக்கும். முக்கிய லினக்ஸ் வகைகளில் எல்லாம் ஸ்குவிட் கிடைக்கிறது. நிறுவுவது ஒரு கட்டளை. கவனம் தேவைப்படுவது அதன் அமைப்புக் கோப்பில்.

நிறுவியபடியே விட்டால் ஸ்குவிட் வட்டில் எதையும் சேமிக்காது. நினைவகத்தில் 256 மெகாபைட் மட்டும் எடுத்துக்கொள்ளும், கணினியை அணைத்தால் அதுவும் போய்விடும். வட்டுக் கேஷுக்கான வரி கருத்துக்குறியோடு முடக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை உயிர்ப்பித்து அளவையும் கூட்ட வேண்டும், ஏனென்றால் மாதிரியில் இருப்பது 100 மெகாபைட்தான். வீட்டுக்கு 20 ஜிகாபைட் தாராளம். வட்டில் உள்ளவற்றின் அட்டவணையை ஸ்குவிட் நினைவகத்தில் வைத்திருக்கும். 64 பிட் கணினியில் ஒரு ஜிகாபைட் வட்டுக்குச் சுமார் 14 மெகாபைட் என்பது ஸ்குவிட் குழுவினர் சொல்லும் கணக்கு. 20 ஜிகாபைட்டுக்கு 280 மெகாபைட். சிறு கணினியில் ஆசைப்பட்டு 500 ஜிகாபைட் என்று எழுதினால் அட்டவணையே நினைவகத்தை விழுங்கிவிடும்.

அடுத்தது கோப்பு அளவு வரம்பு. 4 மெகாபைட்டுக்கு மேற்பட்ட எதையும் ஸ்குவிட் இயல்பாகச் சேமிக்காது. சிவிஎம்எஃப்எஸ்ஸில் பெரும்பாலானவை சிறியவைதான் என்றாலும் பெரியவையும் வரும், அவற்றைத் திரும்ப இறக்குவதுதான் வலி. வரம்பை உயர்த்துங்கள். உயர்த்தும் வரியை வட்டுக் கேஷ் வரிக்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதினால் அந்த வட்டுக் கேஷுக்கு அது பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது என்பதால், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பலரும் சறுக்கும் இடம் இது.

யாரை உள்ளே விடுவது என்பதில் சமரசமே கூடாது. வீட்டு முகவரிகளான 192.168 வரிசையை மட்டும் அனுமதித்து, கடைசி வரியில் மற்ற எல்லாரையும் மறுக்க வேண்டும். ரவுட்டரில் ஸ்குவிடின் 3128 என்ற போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது. திறந்த பிராக்ஸிகளைத் தேடி இணையத்தை ஓயாமல் துழாவுகிறவர்கள் இருக்கிறார்கள். சிக்கினால் அவர்கள் செய்வதெல்லாம் உங்கள் முகவரியிலிருந்து செய்ததாகப் பதிவாகும்.

பிறகு ரவுட்டரில் அந்தக் கணினிக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கி, பாயிங்க் மேலாளரின் பிற விருப்பங்கள் பகுதியில் எச்டிடிபி பிராக்ஸியாக அதையும் 3128ஐயும் குறிக்க வேண்டும். மெய்நிகர் கணினி இந்தத் தகவலை பாயிங்க்கிடமிருந்து பெற்றுக்கொள்ளும். ஸ்குவிட் ஓடுவது அதே கணினியில்தானே என்று 127.0.0.1 எனக் குறித்துவிடாதீர்கள். பாயிங்க்குக்கு அது வேலை செய்யும். மெய்நிகர் கணினிக்குள் போனதும் அதே எண் அந்த மெய்நிகர் கணினியையே குறிக்கும்; அங்கே ஸ்குவிட் இல்லை. வலையமைப்பு முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். மெய்நிகர் கணினி இல்லாமல் லினக்ஸில் நேரடியாக ஓட்டுபவர்கள், சிவிஎம்எஃப்எஸ்ஸின் சொந்த அமைப்புக் கோப்பிலும் தனியே எழுத வேண்டும். அங்கே பிராக்ஸி கிடைக்காவிட்டால் நேராகப் போ என்று மாற்றுவழியும் கொடுக்கலாம். பாயிங்க்கில் அந்த வசதி இல்லை. ஸ்குவிட் கணினி நின்றால் எல்லாம் நிற்கும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் அந்தச் சிறு கணினிக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் வைப்பது நல்லது.

வேலை செய்கிறதா என்பதை ஸ்குவிடின் அணுகல் பதிவே சொல்லும். முதல் வேலை ஓடும்போது வரிக்கு வரி ‘மிஸ்’ என்று வரும். அதைப் பார்த்துச் சோர வேண்டாம், கேஷ் அப்போதுதான் நிறைகிறது. அடுத்தடுத்த வேலைகளில் ‘ஹிட்’ பெருக வேண்டும். பல நாள் கழித்தும் மிஸ் மட்டுமே வந்தால் மேலே சொன்ன வட்டு வரியையும் அளவு வரியையும் திரும்பப் பாருங்கள். ‘டனல்’ என்று வருபவை பூட்டிய எச்டிடிபிஎஸ் இணைப்புகள். ஸ்குவிட் அவற்றைக் கடத்திவிடுமே தவிர உள்ளே பார்க்காது. அந்தப் பூட்டைத் திறந்து கேஷ் செய்ய வழி உண்டு என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வங்கிக் கணக்கு வரைக்கும் போகும் பூட்டு அது.

இதனால் ஆகாதவையும் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் தனியாக வரும் உள்ளீடு குறையாது. அட்லஸ் வேலை முடிந்து மேலே ஏற்றும் பெரிய விடைக்கோப்பும் குறையாது. கணக்கு வேகமாக முடியாது, தொடக்கத்தில் கோப்புகளுக்காகக் காத்திருக்கும் நேரம் மட்டும் சுருங்கும். இணையத்தில் உங்கள் முகவரியை இது மறைக்காது. எச்டிடிபிஎஸ் வழியாகவே எல்லாவற்றையும் அனுப்பும் மற்றத் தன்னார்வத் திட்டங்களுக்கு இதனால் பயன் ஏதுமில்லை.

கிளவுட்ஃபிளேர் வலையமைப்பு வழியாக செர்ன் கோப்புகள் அருகிலேயே கிடைக்கின்றனவே, சென்னையிலும் கிளவுட்ஃபிளேர் மையம் இருக்கிறதே, பிறகு எதற்கு வீட்டில் ஒன்று என்று கேட்கலாம். தொலைதூரச் சர்வர்களின் சுமையை அது பெருமளவு குறைக்கிறது, உண்மைதான். சென்னையிலிருந்து உங்கள் வீடு வரையிலான கம்பியில் கோப்பு அப்போதும் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கும். மாதத் தரவு வரம்பில் கழிவதும் அங்கேதான்.

ஒரே கணினியில் ஓரிரு வேலை ஓட்டுபவர் இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம். இரண்டு மூன்று கணினிகள் இருந்தாலோ, ஒரே கணினியில் பல வேலைகள் சேர்ந்து ஓடினாலோ, ஒரு பிற்பகல் செலவிட்டு அமைத்துவிடலாம். கல்லூரி ஆய்வகத்தின் கணினிகளை விடுமுறையில் இந்தப் பணிக்குத் தர நினைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள், முதலில் ஸ்குவிடை நிறுவிப் பதிவைப் பாருங்கள், அதன் பிறகு பாயிங்க்கை ஒவ்வொரு கணினியிலும் ஏற்றுங்கள். நாற்பது கணினிகள் ஒரே காலையில் ஒரே கோப்பைக் கேட்கத் தொடங்கினால், அந்த வளாகத்தில் வேறு யாருக்கும் இணையம் கிடைக்காது.