ஒரே காலம், வேறு வேறு ரயில்கள்

வக்கீலான அப்பா நியூயார்க்கில். பாட்டுப் பாடி, பாட்டு எழுதும் அம்மா லாஸ் ஏஞ்சல்ஸில். பிரிந்துவிட்ட இருவருக்கும் நடுவே, ஆயாவின் துணையோடு, அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் ரயில்களில் போவதும் வருவதுமாக இருந்தான் சிறுவன். 1939 முதல் 1942 வரை இதே கதை. சிறுவனுக்கு உற்சாகமான பயணங்கள்தான்.

இசையமைப்பாளராகிப் பெயர் வாங்கிய பிறகுதான் ஸ்டீவ் ரைஷுக்கு அந்த வருடங்களின் கணக்கு உறைத்தது. அவர் யூதர். அப்போது ஐரோப்பாவில் இருந்திருந்தால் அவர் ஏற்றப்பட்டிருக்கக்கூடிய ரயில் வேறு. கிரோனோஸ் குவார்ட்டெட்டுக்காக 1988இல் அவர் எழுதிய 'டிஃபரண்ட் டிரெய்ன்ஸ்' அந்த எண்ணத்தில் பிறந்தது.

மேடையில் இருப்பது வழக்கமான நால்வர் அணி: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வழக்கத்தில் இல்லாதது ஒலிநாடா. அதில் முதுமையில் அந்த ஆயா பேசியது இருக்கிறது. நியூயார்க் - லாஸ் ஏஞ்சல்ஸ் தடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரயில் பணியாளரின் குரல் இருக்கிறது. நாஜிகளிடமிருந்து பிழைத்து அமெரிக்கா வந்த மூவரின் நினைவுகள் இருக்கின்றன. போதாதென்று அந்தக் கால ரயில்களின் கூவல்கள், அதே நால்வர் முன்பே வாசித்துப் பதிந்த இசை அடுக்குகள்.

ரைஷின் உத்தி எளிமையானது. யார் பேசினாலும் பேச்சில் ஒரு மெட்டு ஒளிந்திருக்கிறது. சில விநாடிப் பேச்சை வெட்டியெடுத்து, அதன் ஏற்ற இறக்கங்களை அப்படியே ஸ்வரங்களாக எழுதினார். பெண் குரல்களுக்கு வியோலா, ஆண் குரல்களுக்கு செல்லோ. பாடகரின் பின்னால் வயலின் போவதுதான் நம் காதுக்குப் பழக்கம். இங்கே பெரும்பாலும் வாத்தியம் முந்திக்கொள்கிறது. குரல் பின்னால் வந்து அந்த மெட்டுக்குச் சொந்தம் கொண்டாடுகிறது.

1960களில் ஒரு தெருப் பிரசங்கியின் நாடாவை வைத்துச் சோதனை செய்தவர் ரைஷ். அவருடைய இசை மெல்ல மெல்ல நிறம் மாறும் ரகம். இதில் அப்படி இல்லை. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சுருதி, ஒரு வேகம். ஆள் மாறினால் தண்டவாளம் மாறிய மாதிரி எல்லாமே சட்டென்று மாறுகிறது. கேட்பவர் உட்கார்ந்த இடத்தில் குலுங்குகிறார்.

மூன்று பகுதிகள், அரை மணிக்குச் சற்றுக் குறைவு. முதல் பகுதியில் அமெரிக்க ரயில்களின் நீண்ட, இதமான கூவல். இரண்டாவது, போர்க்கால ஐரோப்பா. அங்கே கூவல் குட்டையாகி வீறிடுகிறது. அபாயச் சங்குகள் அலறுகின்றன. கால்நடைப் பெட்டிகளில் நான்கு பகல் நான்கு இரவு போனதைக் குரல்கள் சொல்கின்றன. அழுகை இல்லை. ஊர்ப் பெயர்களைச் சொல்வதுபோல்தான் சொல்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

பிழைத்தவர்களின் வேதனையை வெட்டி ஒட்டி மெட்டாக்கலாமா? சில ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை எழுப்பியதுண்டு. நியாயமான கேள்வி. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்தவர் ரைஷ்தான், சாட்சிகள் அல்ல. ஆனால் சோக ராகத்தைப் பூசி யாரையும் அழவைக்க அவர் முயலவில்லை. பேசியவர்களின் குரலில் இருந்த ஸ்வரங்களை மட்டுமே எடுத்துக்கொண்டார். 1990இல் கிராமி விருது கிடைத்தது. செப்டம்பர் 11 தாக்குதலைப் பற்றி 2010இல் எழுதியபோதும் இதே குழுவையும் இதே உத்தியையுமே நாடினார்.

மூன்றாம் பகுதியில் போர் முடிந்துவிடுகிறது. முதல் பகுதியின் அமெரிக்க ரயில்கள் திரும்பி வருகின்றன. ஆனால் கடைசியில் பிழைத்தவர்களில் ஒருவருக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வருகிறது. அழகான குரல் அவளுக்கு. அவள் பாடுவதை ஜெர்மானியர்கள் ஆசையாகக் கேட்பார்களாம். முடிந்ததும் கைதட்டி, இன்னும் பாடச் சொல்வார்களாம்.