இரவில் வரும் குரல்கள்

மடவார் வளாகத்தில் நம் வீட்டு வானொலிப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடப் பிள்ளைகள் தீர்ப்பளித்துவிட்டனர். பகலில் இரைச்சல்தானே என்பது அவர்கள் வாதம்.

அன்பர்களே, மத்திய அலைக்குப் பகல் ஆகாது. கதிரவன் உள்ளவரை வான்மண்டலத்தின் கீழடுக்கு அவ்வலைகளை விழுங்கும். இரவில் அது மறைய, மேலடுக்கு அவற்றைத் தொலைதூரத்திற்குத் திருப்பியனுப்பும். கொழும்பில் 1925இல் தொடங்கிய இலங்கை வானொலியைத் தமிழகத்தார் கடல் கடந்து கேட்டு மகிழ்ந்தது நினைவிருக்கும்.

சென்ற மாதம் செபமாலை முடிந்ததும் மின்சாரம் நின்றது. எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் அடங்கவே இரைச்சலும் அடங்கிற்று. உள்ளிருக்கும் ஃபெரைட் தண்டு பக்கவாட்டு அலைகளையே நன்கு ஏற்குமாதலால் பெட்டியை மெல்லத் திருப்பினோம். அறியாத மொழியொன்று தேய்ந்தும் வளர்ந்தும் ஒலித்தது! இளையவன் நேரத்தையும் அலைவரிசையையும் குறித்துக்கொண்டான். நிலையத்திற்கு எழுதினால் உறுதி அட்டை வருமாம்.

இப்போது வீட்டில் இரும்புக்கடைப் பேச்சில்லை. விளக்கை அணைப்பது யார் என்பதே வழக்கு.